வேணி அக்கா ஆடாத ஆட்டம்

பெரார்கஞ்ச் பஸ் போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் நிற்கும்போது டிரைவர் என் கடையைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவது வழக்கம். அன்று காலை ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். "காசிம் பாய், துகான் பந்த் கரோ. வேணி தீதி போயிட்டாங்க" என்றார். அவர் வங்காளி. அவருக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளும் அக்கா அந்தப் பஸ்ஸில் போய்வரும்போது சொல்லிக்கொடுத்தவைதான். நெஞ்சுவலியாம். விடிகிற நேரத்தில், பெரார்கஞ்சில் மகள் மல்லிகாவின் வீட்டில், அவள் மடியிலேயே உயிர் போய்விட்டதாம். கடையைப் பூட்டிவிட்டு, பஸ் திரும்பும்போது ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் அழுதேன். ஆனால் இதை எழுத உட்காரும்போது எனக்கு வருவது அழுகையில்லை, ஆத்திரம். நம் தமிழ்ச் சங்கத்து மலரின் ஆசிரியர், "அக்காவைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்" என்றார். நல்லபடியாக என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். யார் மனமும் கோணாமல் என்று அர்த்தம். எனக்கு அது வராது. அவரை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அறிந்திருந்தும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கைதட்டினீர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கமலவேணி என்பது முழுப்பெயர். பிறந்தது ரங்கூனில். அப்பா அங்கே அரிசி மில்லில் வேலை பார்த்தார். பர்மியர், சீனர், தமிழர் என்று எல்லாரும் குடியிருந்த தெரு. எந்த வீட்டு விசேஷம் என்றாலும் அந்தப் பெண் அங்கே போய் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு மர வேலைக்கு வந்த கணவரோடு ஐம்பதுகளில் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். தீவில் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. கிழக்கு வங்காளத்து அகதிகள், காடு வெட்டக் கூலிக்குக் கொண்டுவந்த ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர், மலையாளிகள், நாம். ஒவ்வொரு கூட்டமும் தட்டுமுட்டுச் சாமானோடு ஓர் ஆட்டத்தையும் கொண்டுவந்திருந்தது. மற்றவர்கள் கண்ணில் சாமான் மட்டும் பட்டது, அக்கா கண்ணில் ஆட்டம் பட்டது. "உலகத்தைப் பாக்க எல்லாரும் கப்பல் ஏறுறாங்க. எனக்கு பெரார்கஞ்ச் பஸ் போதும்" என்பார்.

நான் அவருக்கு டோலக் அடித்தவன். வாப்பாவின் கடையில் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சாமான் வாங்க வந்தார். "தகரத்தை ஏன்டா அழ வைக்கிற? நல்ல டோலக் ஒண்ணு இருக்கு, வா" என்று கூப்பிட்டார். வாப்பா அதற்கு என்னென்ன சொன்னார் என்பதை மலரில் அச்சடிக்க முடியாது. ஆனால் அந்த மனிதரே பின்னால் முன்வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். பார்த்துவிட்டு, கணக்குப் பார்க்கத்தான் வந்தேன் என்று வீட்டில் பொய் சொன்னார்.

'உலக நடனம்' என்று பலகை எழுதி வைத்து நாங்கள் முதலில் மேடை ஏறியபோது போர்ட் பிளேர் சிரித்தது. ஒரே மேடையில் ஒரே பெண் பர்மிய ஆட்டம் ஆடி, உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து சீனத்து விசிறி ஆட்டம் ஆடி, அது முடிந்து நிக்கோபாரிகளின் வட்ட ஆட்டத்துக்கு ஜனங்களையே மேடைக்கு இழுத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆட்டம் முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மேடையை விட்டு இறங்க மனமில்லாமல் நின்றார்கள். மெயின்லேண்டில் அப்படி ஒன்றை அப்போது யாரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் எழுத வந்த விஷயமே அதுதான். யாருடைய ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாலும் மேடையில் ஆடுவதற்கு முன் அவர்களுடைய முற்றத்துக்குப் போய் அவர்கள் முன்னால் ஆடிக் காட்டுவார். அவர்கள் தலையாட்டினால்தான் அது மேடைக்கு வரும். இல்லையென்றால் வராது. வரும்போது பதிலுக்கு நம்முடைய கும்மியை அந்த வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். "சும்மா வாங்கிட்டு வந்தா அது திருட்டுடா" என்பார்.

ராஞ்சிக்காரர்களின் ஆட்டத்தை அவர் பெரார்கஞ்சில் அவர்கள் முற்றத்தில் ஆடிக் காட்டிய நாள் எனக்கு மறக்காது. ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. அக்கா பிரமாதமாக ஆடினார். நானும் பிரமாதமாக அடித்தேன். அங்கே வயதில் மூத்த ஒரு அம்மாள், பெயர் புத்னி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தேரா ஹாத் பஹுத் போல்தா ஹை" என்றார். உன் கை ரொம்பப் பேசுகிறது என்று அர்த்தம். பிறகு எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நின்ற பெண்ணின் இடுப்பில் வைத்து, தலையைக் கீழே அமுக்கி, மண்ணைப் பார்த்து ஆடு என்றார். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை, கூட நிற்பவளோடு ஆடுவதற்குத்தான் அந்த ஆட்டம் என்றார்.

திரும்பி வரும் வழியில் அக்கா, "இந்தத் தடவை ராஞ்சி ஆட்டம் கிடையாது" என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நோட்டீஸ் போட்டாச்சு அக்கா! ஜனங்க என்னைத்தான் உதைப்பாங்க" என்று கத்தினேன். "நீ ஏன்டா குதிக்கிற? குதிக்கிறது என் வேலை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மழைக்காலம் முழுவதும் புத்னி அம்மாளோடு நாற்று நட்டுக்கொண்டே அந்த ஆட்டத்தைக் கற்றார். அதன் பிறகு அதைத் தனியாக ஆடவே இல்லை. அந்தப் பெண்களையும் மேடைக்கு அழைத்துக்கொண்டு வந்தார், அவர்களில் ஒருத்தியாக வரிசையில் நின்றார்.

மெயின்லேண்டுக்கும் போனோம். கல்கத்தாவில் நல்ல கூட்டம். சென்னையில் ஒரு சபாக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே, "உமக்குக் குரு யார்?" என்று கேட்டார். "குருவா? ஒரு பஸ் நிறைய இருக்காங்க" என்றார் அக்கா. அந்த மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கூலிக்காரர் கூத்தையெல்லாம் மேடையேற்றினால் எப்படி என்றார். அவர் வெற்றிலை துப்பும் செம்பை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அக்கா சிரித்தார். பிறகு சிங்கப்பூரில் ஆடினார். சீனத்துக் கிழவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதைப் பார்த்து ஐரோப்பா போகிற ஒரு பெரிய குழுவில் அவரைச் சேர்த்துக்கொள்ள டெல்லியிலிருந்து ஆள் வந்தது. எங்கள் தீவிலிருந்து அப்படி யாரும் அதுவரை போனதில்லை.

அப்போதுதான் அந்த ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா அப்போது அவர்களிடம் தற்காலிகமாக நடனம் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தார். நானும் கூடப் போனேன். ஆபீசர் நன்றாகத்தான் பேசினார், டீயும் வரவழைத்தார். பெரிய விருந்தாளிகள் வருகிறார்கள், குழுவும் வெளிநாடு போகிறது, அந்தமான் என்றாலே ஜனங்கள் காட்டுவாசி நடனத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றார். இலையில் ஒரு பாவாடை, முகத்தில் கொஞ்சம் களிமண், கையில் வில். காட்டுக்குள்ளேயே இருக்கிற ஜாரவாக்களின் நடனம் என்று போட்டுவிடலாம் என்றார்.

"எனக்கு அது தெரியாது ஸாப்" என்றார் அக்கா.

"யாருக்குத்தான் தெரியும்? நீங்க எதை ஆடினாலும் அதுதான்."

"மாட்டேன்."

ஆபீசர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏன்?"

"அவங்க எனக்குக் காட்டல. அவங்க முற்றத்துல நான் ஆடினதும் இல்ல."

"அரே, அவங்க முற்றத்துக்குப் போனா அம்பு வரும். அவங்களா வந்து உங்களைக் கேக்கப் போறாங்க?"

"வந்து கேக்க மாட்டாங்க. அதனாலதான் ஸாப், மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்தார். டீயைக் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை, அதைப் பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அதோடு வேலை போயிற்று. தற்காலிக வேலைதானே, எடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவும் போயிற்று. மெயின்லேண்டிலிருந்து வேறொரு பெண் வந்தாள். இலைப் பாவாடை கட்டி, களிமண் பூசி, வில்லைத் தூக்கிக்கொண்டு விருந்தாளிகள் முன்னால் துள்ளினாள். பத்திரிகைகளில் படம் வந்தது. கப்பலில் வந்த பேப்பரை விரித்துப் பார்த்து நம் ஆட்களே பெருமைப்பட்டார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? சொன்னவர்களைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு போர்ட் பிளேரில் எந்த விழாவுக்கும் அக்காவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மேலே கோபித்துக்கொள்வார்களாம். நம் சங்கமும் கூப்பிடவில்லை. ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் போடுகிறாரா என்று பார்க்கிறேன்.

அக்கா சிப்பிகாட் பண்ணையில் தென்னங்கன்று நடுகிற வேலைக்குப் போனார். அதில் சம்பாதித்துத்தான் மல்லிகாவை நர்ஸ் ஆக்கினார். கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஏதாவதொரு முற்றத்துக்குப் போய் ஆடுவார். நானும் டோலக்கைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "ஒரு நாள் ஆடிட்டு வந்திருந்தா என்னக்கா? ஐரோப்பாவே பார்த்திருப்பீங்களே" என்றேன். அவர் என் மேல் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். "உன் வீட்டுக்குள்ள உன்னைக் கேக்காம ஒருத்தன் பூந்து, உன் லுங்கியக் கட்டிக்கிட்டு, நான்தான் காசிம்னு தெருவுல ஆடினா நீ சும்மா இருப்பியா?" என்று கேட்டார். இருக்க மாட்டேன் என்றேன். "அப்ப அடி" என்றார். அடித்தேன்.

அவரை அடக்கம் செய்த அன்று பெரார்கஞ்சுக்கு யார் யாரோ வந்தார்கள். பர்மாக்காரர்கள் வந்தார்கள். அந்தப் பஸ் டிரைவர் யூனிபார்மோடு நின்றார். புத்னி அம்மாள் தன் வீட்டுப் பெண்களோடு வந்து மல்லிகாவின் முன்னால் நின்று, உன் அம்மா சொல்லிக்கொடுத்த கும்மியை அவளைச் சுற்றி அடிக்கட்டுமா என்று இந்தியில் கேட்டார். மல்லிகா தலையை ஆட்டினாள். ராஞ்சிப் பெண்கள் தமிழ்க் கும்மி அடித்தார்கள். பாட்டில் பாதி வார்த்தை தப்பு. தாளம் மட்டும் ஓரிடத்திலும் தப்பவில்லை. எங்கள் ஆட்கள் சிலர், சாவு வீட்டில் கும்மியா என்று முணுமுணுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அக்காவின் மேடைக்கு வந்ததில்லை.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். இரங்கல் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்தார்கள். இத்தனை வருஷமாகக் கூப்பிடாதவர்கள் ஓடியாடி நாற்காலி போட்டார்கள். 'அந்தமான் ஆதிவாசி நடனத்தை உலகுக்கு எடுத்துச் சென்ற கமலவேணி' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எந்த ஆட்டத்தை மாட்டேன் என்று சொல்லி அவர் சோற்றுக்குத் திண்டாடினாரோ, அதையே அவர் பெயருக்கு முன்னால் மாட்டிவிட்டார்கள். ஒரு பெரியவர் வந்து படத்தைத் திறந்துவைத்தார். இலைப் பாவாடை, களிமண், வில். அக்காவின் இடத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் படம். பழைய பத்திரிகையில் தேடி எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, கீழே அக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். நீங்கள் கைதட்டினீர்கள்.

மல்லிகா எழுந்து, "இது எங்கம்மா இல்ல" என்றாள். மைக் அவள் கையில் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. மேடையில் இருந்தவர் சிரித்த முகமாக, "மகளே, மேக்கப்புல அடையாளம் தெரியல. உட்காரும்மா" என்றார். பெற்ற தாயை மகளுக்கு அடையாளம் தெரியவில்லையாம்! நான் மேடைக்குப் போய், இது வேறு பெண், அக்கா இந்த ஆட்டத்தை ஆட மறுத்தவர் என்று சொன்னேன். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "காசிம் பாய், பாராட்டத்தானே செய்றோம், இதுல என்ன கெட்டுப்போச்சு?" என்றார்கள். படத்தை இறக்கச் சொன்னோம். மேலிடத்து ஏற்பாடு, இறக்க முடியாது என்றார்கள். பிறகு அஞ்சலி நடனத்துக்கு டோலக் அடிக்கச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் முகத்தில் களிமண் பூசிக்கொண்டு நின்றார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மல்லிகாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டம் நடந்தது. தாளத்துக்கு ரிக்கார்டு போட்டார்களாம்.

அந்தப் படம் இன்னும் அங்கே தொங்குகிறது. அவர் ஆடியதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை. முற்றத்தில் ஆடுகிறவரை யார் படம் எடுத்தார்கள்? என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆபீஸ் அறையில் அவர் 'மாட்டேன்' என்று சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொன்னவர் போய்விட்டார், இனி யார் பேசப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். கேட்டவன் ஜங்லிகாட்டில் கடை வைத்து உயிரோடு இருக்கிறான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.