குவாட்டின் அப்பா சட்டை

வியட்நாமின் ஹைஃபோங் நகரத்தில் பைக் டாக்சி ஓட்டும் குவாட்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு அவன்தான் அப்பா. பெற்றோர் கூட்டத்தை வீட்டில் சொல்லப் பயப்படும் பிள்ளைகள் எங்கள் ஸ்டாண்டுக்குத்தான் வருவார்கள். அதற்கென்றே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று வைத்திருக்கிறான். பெயரே அப்பா சட்டை. டீச்சர் திட்டும்போது தலையாட்ட வேண்டும், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கூலி ஒரு கிண்ணம் நண்டு நூடுல்ஸ். நானும் இதே தொழில்தான். ஆனால் குவாட் மாதிரி வெட்கித் தலைகுனிய எனக்கு வராது. அவனைப் பார்த்தால் பெற்ற அப்பனே தோற்றுப்போவான்.

போன ஏப்ரலில் ஒன்பதாம் வகுப்புக் கூட்டம். குவாட் தாம் என்ற பெண்ணுக்கு அப்பா. நான் தோவாய் என்ற பையனுக்கு. கடைசியில் மார்க் குறைந்த ஏழு பேரின் பெற்றோரை மட்டும் ஞான் டீச்சர் நிறுத்திவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'எங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வு எழுதப் போவதில்லை. இது எங்கள் சொந்த விருப்பம்' என்று அச்சடித்திருந்தது. அதை எழுதாவிட்டால் அரசுப் பள்ளியில் மேல்படிப்பு கிடையாது. ஆனால் ஃபெயிலாகிறவர்கள் எழுதாமல் இருந்தால்தானே பள்ளியின் மானம் கப்பலேறாது. என்ன ஒரு அக்கறை!

பழக்க தோஷம், நான் உடனே கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டேன். குவாட் மட்டும் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

"தாமோட அப்பா, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்."

"புள்ளகிட்ட கேட்டீங்களா டீச்சர்?"

"அதுகிட்ட என்ன கேக்கறது? கணக்குல ரெண்டு மார்க். பெத்தவர் நீங்க, நீங்க முடிவு பண்ணுங்க."

குவாட் எழுந்து நின்றான். "நான் பெத்தவன் இல்ல டீச்சர். முக்குல பைக் ஓட்டறவன். திட்டு வாங்கத்தான் எனக்குக் கூலி. ஒரு புள்ள படிப்ப நிறுத்த நான் யாரு?"

"மொதல்ல வெளிய போங்க" என்றார் டீச்சர். போனான், தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு.

வாசலில் தாம் அவனைப் பிடித்துக்கொண்டாள். "தலையாட்டச் சொன்னா நாட்டாமை பண்றீங்களா மாமா?" அவன் தாளை நீட்டினான். படித்துவிட்டு அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அடி வாங்கி, ஜூனில் பரீட்சை எழுதினாள்.

அன்று குவாட் வெளியே போனதும், என் தாளைத் திரும்பக் கேட்க நானும் டீச்சரின் மேஜை வரை போனேன். டீச்சர் நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

தோவாய் வெளியே காத்திருந்தான். "வம்பில்லாம முடிஞ்சுதா மாமா?"

"கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன். எதில் என்று அவன் கேட்கவில்லை. நூடுல்ஸ் வாங்கித் தந்தான். நண்டு கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னான். நான் சாப்பிட்டேன்.