மேனேஜர் மாறினார், சங்கு மாறவில்லை

எழுபதுகளில் எங்கள் எஸ்டேட் கால்பந்து அணி ஏன் தோற்றுக்கொண்டே இருந்தது என்று கேட்டால் வரிசையாகவே சொல்லிவிடுவேன். ஒன்று, பள்ளிவாசல் என்கிற எங்கள் மலையூரில் சமதளம் கிடையாது. எங்கள் மைதானம் ஓடையைப் பார்த்துச் சரிந்திருக்கும். இரண்டு, சண்டை வரக் கூடாதென்று லயம் என்கிற ஒவ்வொரு குடியிருப்பு வரிசைக்கும் ஒருவராக ஆள் எடுப்பார்கள். மேல் லயத்தில் ஓடக்கூடிய ஆள் இல்லாததால் அங்கிருந்து ஒரு தாத்தா ஆடினார். மூன்று, டீம் மேனேஜர். அவர் என் அப்பா.

அப்பாவுக்கு ஃபாக்டரி எஞ்சின் ரூமில் வேலை. எஸ்டேட்டை எழுப்புவதும், சாப்பிட அனுப்புவதும், வேலை முடிந்தது என்று சொல்வதும் அவர் பிடியை இழுத்து ஊதுகிற ஃபாக்டரிச் சங்குதான். தேயிலைக் கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் ஃபாக்டரி ஓடும், சங்கும் உண்டு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும், நாலரை மணி நெருங்கியதும் அப்பா மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து மேட்டில் ஏறிப் போய்ச் சங்கை ஊதிவிட்டு வருவார். அவர் போய்த் திரும்பும் நேரம்தான் இடைவேளை. அது கால்பந்தின் விதி என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

அந்த வருடம் எஸ்டேட்டை நடத்தும் பெரிய துரை ஓர் அறிவிப்புச் செய்தார். சீசன் முடிவதற்குள் ஓர் ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் மைதானத்தில் தேயிலை நட்டுவிடுவாராம். மீதி இருந்தவை இரண்டே ஆட்டங்கள். அணிக் கமிட்டி அவசரமாகக் கூடி மேனேஜரை மாற்றியது. புதிய மேனேஜர் என் மாமா, அம்மாவின் தம்பி. திருச்சூர் பக்கம் ஒரு வருடம் இருந்துவிட்டு, ஒரு ஜோடி பூட்ஸோடும் கொஞ்சம் மலையாளத்தோடும் திரும்பியவர். சாப்பாடும் தூக்கமும் எங்கள் வீட்டில்தான்.

"திங்கிறது மச்சான் சோறு, உக்காருறது மச்சான் நாற்காலி" என்று குழாயடியில் ஒரே பேச்சு. வீட்டில் அப்பாவும் மாமாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நான் அப்போது பாலிடெக்னிக் முடித்து, கீழே மின்நிலையத்தில் படம் வரையும் வேலையில் சேர்ந்திருந்தேன். மாலையில் வீடு திரும்பினால் இன்னொரு வேலை காத்திருக்கும்.

"புது மேனேஜருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார் அப்பா. மாமா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

"பழைய மேனேஜர் ஊத்துனா வேணாம்னு சொல்லமாட்டேன்னு சொல்லு" என்பார் மாமா.

"அவ என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க" என்பார் அம்மா.

முதல் ஆட்டம் மின்நிலைய அணியோடு. மாமா லயக் கணக்கை ஒழித்தார். தாத்தாவுக்கு ஓய்வு கொடுத்தார். இடைவேளையைச் சங்கு கேட்டு அல்ல, கடிகாரம் பார்த்து விடவேண்டும் என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள் நன்றாகவே ஆடினார்கள். பந்து எங்கள் கோல் பக்கம் வந்தபோது நாலரை மணிச் சங்கு ஊதியது. எங்கள் பதினொரு பேரும் அப்படியே நின்றார்கள். கோல் காப்பவர் துண்டை எடுத்து முகம் துடைத்தார். ஒருவர் டீ வாங்கக் கிளம்பிவிட்டார். சங்குப் பழக்கம் இல்லாத மின்நிலையத்துக்காரர்கள் ஒரு கணம் குழம்பிப் பார்த்துவிட்டு, பந்தைத் தள்ளிக் கோல் போட்டார்கள். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

அன்று மாமா நேரடியாகவே பேசினார். "மச்சான், வேணும்னேதான ஊதுனீக?"

"மாப்ள, சங்குக்கு என் டீமும் தெரியாது, உன் டீமும் தெரியாது. மணி மட்டுந்தான் தெரியும்."

"உங்க மணியால மைதானம் போகப் போகுது!"

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரசமும் ஊற்றிக்கொள்ளவில்லை.

மறுநாளே மாமா ஆட்களை வேலையிலிருந்து அரைமணி முன்னதாக விடக் கேட்டு, நாலரைச் சங்கு நடுவில் வரும்படி பயிற்சியை மாற்றினார். சங்கு கேட்டு யார் நின்றாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு சுமை விறகு கொண்டுவர வேண்டும். முதல் நாள் பதினொரு சுமை வந்தது. அம்மாவுக்குத் தம்பி மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. வாசலை அடைத்து விறகு ஏறியது. அப்பா பக்கவாட்டில் திரும்பித்தான் வீட்டுக்குள் வந்தார். எதற்கு வந்த விறகு என்று அவர் கேட்கவில்லை, அதில் காய்ந்த வெந்நீரில் மட்டும் தினமும் குளித்தார். போகப் போகச் சுமைகள் குறைந்தன. கடைசி வாரம் ஒன்றுகூட வரவில்லை.

"பாவிப் பயலுக திருந்திட்டானுக" என்று அம்மா வருத்தப்பட்டார்.

கடைசி ஆட்டம் பக்கத்து எஸ்டேட்டோடு. அவர்கள் லாரி இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று மூன்று மணிக்கே தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பெரிய துரை ஜீப்பில் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செடி எந்த வரிசையில் நடலாம் என்று கணக்குப் போடுவது போலவே எனக்குத் தெரிந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது பந்து எங்கள் ஆள் ஒருவர் காலில் கிடைத்தது. அவருக்கு முன்னால் எதிரணியினர் நான்கு பேர்.

சங்கு ஊதியது.

அவர்களும் எஸ்டேட்காரர்கள்தானே. நான்கு பேரும் நின்றார்கள், கோல் காப்பவர் உட்பட எல்லாரும் நின்றார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் விறகுக்குப் பயந்து ஓடிக்கொண்டே இருந்தார்கள். கோல்!

"சங்கு ஊதியாச்சுல்ல!" என்று அவர்கள் கத்தினார்கள். ரெஃபரி மின்நிலையத்து மலையாளி. "விசில் என்டெ கையிலல்லே?" என்றார், விசில் தன் கையில்தானே இருக்கிறது என்று. தீர்ப்பு அவ்வளவுதான். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். துரையின் ஜீப் சத்தமில்லாமல் திரும்பிப் போனது.

நான் வாட்சைப் பார்த்தேன். நாலரைக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எஞ்சின் ரூம் ஜன்னலில் இருந்து மைதானம் முழுதும் நன்றாகத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு மாமாவின் தட்டில் அப்பாவே ரசம் ஊற்றினார். நான் மெதுவாகக் கேட்டேன்: "அப்பா, இன்னிக்குச் சங்கு கொஞ்சம் முந்திடுச்சோ?"

"உன் வாட்ச் ஸ்லோ" என்றார், தலை நிமிராமல்.

நான் சரி என்றேன். அன்று காலை ஆறு மணிக்கு அவர் ஊதிய சங்கைக் கேட்டுத்தான் அந்த வாட்சில் நேரம் வைத்திருந்தேன்.