பக்கத்தில் ஆள் வேண்டாத துப்பாக்கி

முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தாளைச் சுட, துப்பாக்கி மட்டும் போதாது. பக்கத்தில் ஒருவன் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, கானல் எப்படி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அப்படிச் சொன்னவன் கோவளத்தில் மருந்துக்கடை வைத்திருந்த நண்பன்.

நான் செங்கல்பட்டில் கல்லூரி ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நிற்கும் அவன் பைக்கைத் தவிர, எனக்காக என் தெருவுக்குள் எந்த வண்டியும் வந்ததில்லை. "வலப்பக்கம் ரெண்டு வுடு மச்சான்" என்பான். குறிநோக்கியின் திருகை இரண்டு கிளிக் திருப்பிச் சுடுவேன். மற்றபடி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

துப்பாக்கி சுடும் சங்கத்தின் துப்பாக்கிகளிலேயே பல வருஷம் ஓட்டினோம். சொந்தமாக வாங்க எனக்கு உரிமம் கிடைத்தபோது, எந்தத் தோட்டா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டூ டூ த்ரீ என்கிற சின்னத் தோட்டாதான். உதை குறைவு, குழலும் நீண்ட நாள் உழைக்கும். குண்டு சின்னது என்பதால் குறுக்குக் காற்று அதைச் சுலபமாகத் தள்ளிவிடும். ஆனால் காற்றைப் பார்த்துச் சொல்லத்தான் அவன் இருக்கிறானே.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிறு அவன் சொன்னதெல்லாம் தப்பானது. இடப்பக்கம் என்றான், குண்டு இன்னும் விலகிப் போனது. மறுபடியும் அதேதான். கடை ஞாபகத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சென்னையில் துப்பாக்கிக் கடைக்குச் சேர்ந்து போனோம். நான் டூ டூ த்ரீ துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

"அத்த வெச்சுட்டு சிக்ஸ் ஃபைவ் தோட்டா போடற துப்பாக்கிய வாங்கு" என்றான் அவன்.

"அது தோள்ல இடிக்கும்டா. குழலும் சீக்கிரம் தேஞ்சிடும்."

"தேயட்டும். நீளமான குண்டு, காத்துக்கு அவ்ளோ அசையாது. பக்கத்துல ஆளு வேணாம்."

"ஆளுதான் நீ இருக்கியே?"

கடைக்காரர் வேறொரு பெட்டியை எடுத்துவர உள்ளே போயிருந்தார். அவர் திரும்பி வருகிறாரா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"எனக்குக் கொடி தெரியல மச்சான். கண்ணுல நட்ட நடுவுல ஒரு கருப்பு கீது. மூஞ்ச திருப்பிக்கினா ஓரத்துல கொஞ்சம் தெரியுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"ஊசி போடறாங்க. இதுக்கு மேல போவாம பாத்துக்கத்தான். போனது வராதாம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நான் இதையேதான் வாங்குவேன். நீ சும்மா வந்து உக்காரு, போதும்" என்றேன்.

"உக்காந்து இன்னா பண்றது? உன் மூஞ்ச பாக்கறதுக்கா? அதுவும் தெரியாது." சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

சிக்ஸ் ஃபைவ் வாங்கினேன்.

முதல் ஞாயிறு சங்கத்துச் சுடுதளத்துக்குத் தனியாகப் பஸ் பிடித்துப் போனேன். படுத்துச் சுடப் போட்டிருந்த பாய்களில் ஒன்றில் யாரோ இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசியபடி சுட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று விட்டுவிட்டு அடித்தது. ஐந்து குண்டில் நான்கு ஒரு கைப்பிடிக்குள் விழுந்தன. இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சுட்டதே இல்லை. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து வலப்பக்கம் திரும்பினேன். அவன் உட்காரும் பாயின் மேல் என் பைதான் கிடந்தது.

அன்று மத்தியானம் தாளைச் சுருட்டிக்கொண்டு கோவளம் போனேன். கடையில் ஒரு பெண் மாத்திரை அட்டையின் பெயரைப் படித்துச் சொல்ல, அவன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தாளை மேஜையில் விரித்து ஓட்டைகளை விரலால் தடவினான்.

"நாலு சேந்து கீது. இது இன்னா, ஒண்ணு மட்டும் தள்ளி?"

"காத்து."

"இல்ல. நீ விசைய வெடுக்குனு இழுத்துக்கீற."

அது உண்மைதான்.

டீ வரவழைத்தான். குடித்து முடித்தோம். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் போவியா?" என்று கேட்டான்.

"போவேன்" என்றேன்.

"போ" என்றான். நானும் வருகிறேன் என்று சொல்வான் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். நான் படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.