குளத்துக்குச் சொம்பு கொண்டு போனவன்

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றின் நடுவில் ஒரு பாறைமேல் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். நான் சாகத் தயாராக இருந்தேன். அவளும் தயாரா என்று கேட்கவில்லை.

அங்கே போனது என் யோசனைதான். கிழக்கேகோட்டைக்குள் குடியிருந்து, சர்க்கார் கச்சேரியில் ஃபைல் கட்டும் குமாஸ்தாவுக்கு மலையும் ஆறும் எதற்கு? நூலகத்தில் பனிமலை ஏறிய வெள்ளைக்காரர்களின் புத்தகங்களை வரிசையாகப் படித்ததன் விளைவு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளை எங்கேயும் அழைத்துப் போகாத குறையும் இருந்தது. விதுரா வரை பஸ், அப்புறம் வாடகை மாட்டுவண்டி.

இனி ஓர் இரகசியம். எனக்கு நீந்தத் தெரியாது. தினம் விடியற்காலை கோயில் குளத்தில் குளிப்பவன்தான்; ஆனால் மூன்றாம் படிக்குக் கீழே இறங்கியதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, கையோடு கொண்டு போகும் பித்தளைச் சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன். கல்யாணமான புதிதில், அவள் தாமிரபரணிக் கரைக்காரி என்பதால் அவளுக்கு இளைத்தவனாகத் தெரியக் கூடாதென்று, "குளத்தைக் குறுக்கே மூணு தடவை நீந்துவேன்" என்று சொல்லிவைத்தேன். பொய்க்கு வயசாக ஆக மரியாதை கூடிவிடுகிறது. அப்புறம் அதன்மேல் கைவைக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆற்றில் கணுக்கால் தண்ணீர். கல் கல்லாக மிதித்து நடுப்பாறைக்குப் போய்த் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். மேலே மலை கறுத்திருந்தது. எங்கள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. கரையில் மாட்டை அவிழ்த்துக் கட்டியிருந்த வண்டிக்காரன் எங்களைச் சீக்கிரம் கரையேறி வரச் சொல்லித் திடீரென்று மலையாளத்தில் கத்தினான்.

"சாமியே, மேலே மழையாணு! வெள்ளம் வருந்நு! வேகம் கேறி வரணே!"

"ஏன்னா, கிளம்பிடலாமோ?" என்றாள்.

மிதித்து வந்த கற்களில் பாதி அப்போதும் தெரிந்தன. எழுந்து நடந்திருக்கலாம். ஆனால் அவற்றின் நடுவே செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துப் போனதைப் பார்த்ததும் பாறையில் இன்னும் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"மலைவெள்ளம் ஏறின வேகத்திலே வடிஞ்சுடும். புஸ்தகத்திலேயே இருக்கு."

"எந்தப் புஸ்தகத்திலே?"

"இங்கிலீஷ் புஸ்தகம்."

கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசிக் கல்லும் போனபோது வண்டிக்காரன் ஒரு கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையை எங்களை நோக்கி வீசினான். பாதி வழியிலேயே ஆற்றில் விழுந்தது. மறுபடி வீசினான், எட்டவில்லை.

"நீங்க நீந்திப் போய் அதை வாங்கிண்டு வரேளா?" என்று கேட்டாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "சாப்பிட்ட உடனே நீந்தப்படாது" என்றேன்.

தண்ணீர் பாறைமேல் ஏறிச் சாதப் பொட்டலத்தை இலையோடு எடுத்துக்கொண்டு போயிற்று. நாங்கள் எழுந்து நின்றோம். கணுக்கால் நனைந்தது. பிறகு அதற்கும் மேலே. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"எனக்கு நீந்தத் தெரியாது."

"தெரியும்" என்றாள். "நீந்தறவா யாராவது குளத்துக்குச் சொம்பு எடுத்துண்டு போவாளோ?"

அடுத்த நிமிஷம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்துவிட்டாள். தலை ஒரு தரம் மறைந்தது. நான் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டதாக வண்டிக்காரன் பிறகு சொன்னான். வெகு தூரம் கீழே அவள் கரையேறி, மேலே நடந்து போய், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வெள்ளம் இழுக்கிற வாக்கிலேயே குறுக்காக நீந்திப் பாறைக்குத் திரும்பி வந்தாள். கயிற்றை அவிழ்த்து என் இடுப்பில் கட்டினாள்.

"சொம்பை விடுங்கோ."

அப்போதுதான் பார்த்தேன். குடிதண்ணீருக்காகக் கொண்டு வந்த அதே சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன்.

"விட்டுட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கோங்கோ. பயம் ஒண்ணும் வேண்டாம், கேட்டேளா."

விட்டேன். கச்சேரியில் எல்லோரும் கிராப்பு வைத்துக்கொண்டபோது நான் மட்டும் குடுமியை வெட்டாமல் வைத்திருந்ததன் பயன் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அதைப் பிடித்துத்தான் என் மூக்கைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தினாள். அப்படியும் இரண்டு தடவை முழுகினேன். வண்டிக்காரன் இழுத்துப் போட்டபோது திரும்பிப் பார்த்தேன். பாறையைக் காணோம்.

அவள் குளிரில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்களே சொல்லுவேள்னு பாத்துண்டிருந்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

இப்போதும் நான் மூன்றாம் படியில்தான் குளிக்கிறேன், வேறு சொம்போடு. காரணம் இப்போது படித்துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று அவள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தலையில் முதல் சொம்புத் தண்ணீர் விழும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: என் மானத்துக்காக அவள் இன்னும் எவ்வளவு தண்ணீர் ஏறும்வரை பேசாமல் நின்றிருப்பாள் என்று. அதை மறுபடி கேட்கும் தைரியம் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.