யன்னலோர மேசைக்கு அரை மணித்தியாலம்

சனிக்கிழமை ஒன்றேகாலுக்கு எங்கள் கடைக் கதவு திறக்கும் விதத்திலேயே வருவது யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். பெரியவர்கள் கதவைத் திறந்து, உள்ளே வந்து, மூடுவார்கள். இவர்கள் திறப்பதோடு சரி. ஒருத்தி பாதி உள்ளேயும் ஒருவன் பாதி வெளியேயும் நின்றபடி, வீதியில் தொடங்கிய கதையை வாசலிலேயே முடித்துவிட்டுத்தான் வருவார்கள். அதற்குள் ஹனோவரின் குளிர் முழுவதும் உள்ளே வந்து குந்திவிடும். "கதவு!" என்று நான் கத்துவேன். "ஓம் மாமா, ஓம் மாமா" என்று ஆறு குரல் வரும். கதவு திறந்தபடியேதான் கிடக்கும்.

இப்போது அந்தக் கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது. போன வருடம் மாற்றினார்கள். நான் கத்துவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

நான் ஒரு பாண் கடையின் கிளைப் பொறுப்பாளன். முன்னால் பாணும் பணிசும் கேக்கும் விற்கிறோம், பின்னால் பன்னிரண்டு மேசை போட்டுக் கோப்பி கொடுக்கிறோம். அகதியாக ஜேர்மனிக்கு வந்து இந்த நிறுவனத்தில் தட்டுக் கழுவத் தொடங்கியவன், அடுப்படி, கல்லாப்பெட்டி என்று நகர்ந்து நகர்ந்து பொறுப்பாளன் ஆனேன். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு என்று மனைவி சொல்வாள். உண்மைதான்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் கடையிலிருந்து ஒரு ட்ராம் நிறுத்தம் தள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் நடக்கும். அது முடிந்ததும் என் மகள் தன் பட்டாளத்தோடு நேரே கடைக்கு வருவாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அவளோடு இரண்டு தமிழ்ப் பெண்பிள்ளைகள், இரண்டு தமிழ்ப் பையன்கள். ஆறாவது ஆள் ஆபிரிக்காவிலிருந்து வந்த எரித்திரியக் குடும்பத்துப் பையன். அவன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மைதானத்தில் பந்து விளையாடிவிட்டு இவர்களோடு ஒட்டிக்கொண்டு வருவான். தமிழில் அவனுக்கு மூன்று சொல் தெரியும்: மாமா, தம்பி, பசிக்குது. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என் கடையில் அவன் வேண்டியதெல்லாம் சாதித்தான்.

ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டு சுடு சொக்லேட்தான் வாங்குவார்கள். ஆறு கரண்டி கேட்பார்கள். யன்னலோர மேசையில் நான்கு கதிரைதான் உண்டு, மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். அடுத்த கிழமைக்கான தமிழ் வீட்டுப்பாடத்தை என் மகள் எழுத, மற்ற நான்கு பேரும் பார்த்து எழுதுவார்கள். அந்தப் பையன் யன்னலில் படிந்த ஆவியில் விரலால் தன் பெயரைத் தமிழில் எழுதிப் பழகுவான். தமிழ் படிக்கிறவர்களின் கையெழுத்தைவிட அவனுடையது உருண்டையாக இருக்கும். நான் கல்லாப்பெட்டியில் நின்று முறைத்துக்கொண்டே, அவர்களுடைய சொக்லேட்டில் மட்டும் பாலாடையைக் கூடுதலாக ஊற்றுவேன். கிழமை முழுவதும் நான் காத்திருந்ததே அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த இலையுதிர் காலத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இருக்கிற ஒவ்வொருவரும் ஏதாவது வாங்க வேண்டும், சனிக்கிழமை நெரிசல் நேரத்தில் ஒரு மேசைக்கு அரை மணித்தியாலம் என்று விதி. நானே பிளாஸ்டிக் உறை போட்டு, கோணாமல் அளந்து சுவரில் தொங்கவிட்டேன். அதை யாரும் மதிக்கவில்லை, நானும்தான். ஒரு கோப்பியோடு இரண்டு மணித்தியாலம் பத்திரிகை படிக்கும் தாத்தாமாரை எழுப்ப எனக்கு என்ன பைத்தியமா?

பிறகு அந்த மழைச் சனிக்கிழமை வந்தது. கடையில் நிற்க இடமில்லை. பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு வயதான ஜேர்மன் அம்மா, எங்கள் பழைய வாடிக்கையாளர், யன்னலோர மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே எல்லோரும் எதற்கோ கெக்கட்டம் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மறுபடியும் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். ட்ராமில் யாராவது அப்படித் திரும்பினால் தொலைபேசியில் கதைப்பதையே நிறுத்திவிடுகிற ஆள் நான். எங்கள் ஆட்களால் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதுதான் இந்த நாட்டில் எனக்கு ஒரே மந்திரம்.

ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு போனேன். போகிற வழியில், கேக் அலுமாரிக்குப் பக்கத்தில், மூன்று ஜேர்மன் பிள்ளைகள் மடிக்கணினியை வைத்துப் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரேயொரு அப்பிள் பழச்சாறு. பதினொரு மணிக்கு வந்தவர்கள். அவர்களைத் தாண்டித்தான் யன்னலோர மேசைக்குப் போனேன்.

"உங்கள் அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது. தயவுசெய்து வெளியே போங்கள்" என்றேன், டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில். வீட்டில் நான் மகளோடு டொச்சில் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. அவள் கதைத்தாலும் காது கேளாதவன் மாதிரி இருப்பேன்.

மகள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "அப்பா, நாங்கள்தானே" என்றாள்.

"இங்கே எல்லோருக்கும் ஒரே விதி" என்று மறுபடியும் டொச்சிலேயே சொல்லிச் சுவரைக் காட்டினேன்.

எரித்திரியப் பையன் கேக் அலுமாரிப் பக்கம் கையை நீட்டினான். "அப்போ அவர்கள்? எங்களுக்கு முதல் வந்தவர்கள். இது இனவாதம்" என்றான். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் மண்டைக்குள் ஏறிவிட்டது. நானா இனவாதி? என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாயா? இரண்டு பேருமே கறுப்பு, இதில் யார் யாருக்கு இனவாதம் செய்வது? "இனி இந்தக் கடைக்குள் நீ வரக்கூடாது" என்றேன். அவன் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். மற்றவர்களும் போனார்கள். மகள் மட்டும் நின்று, இழுத்த கதிரைகளைத் திருப்பி வைத்து, மேசையைக் கடதாசியால் துடைத்துவிட்டுப் போனாள். கடைசியாகப் போன அவள் கதவை மூடினாள்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று யன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் தொலைபேசியில் பிடித்திருந்தது. பொழுதுபடுவதற்குள் பள்ளிக்கூடப் பெற்றோரின் தொலைபேசிக் குழுவில் அது ஓடத் தொடங்கியது. ஒரு தாய் குரல் பதிவு போட்டார்: "இதை ஒரு வெள்ளைக்காரன் செய்திருந்தால் நாங்கள் பேப்பருக்கெல்லோ போயிருப்பம்? எங்கடை ஆள் செய்தால் மட்டும் சரியோ?" இன்னொரு தகப்பன்: "பிள்ளையளுக்கு ஒழுங்கு வேணும். எல்லாம் அந்தக் கறுப்புப் பொடியனோடை சேர்ந்து பழகினதாலை வந்தது." எங்கள் நிறம் என்னவோ பாலும் வெண்ணெயும் என்று அவருக்கு நினைப்பு. கடைசியில் பள்ளிக்கூட நிர்வாகத்திலிருந்து ஒரு அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "சொந்த மகளையே வெளியிலை விட்ட மனுசன். அவரை மாதிரி நியாயமான ஆளை நான் காணேல்லை."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ, மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஏனப்பா, மற்ற மேசையை ஏன் விட்டனீங்கள்?"

"அவை சத்தம் போடேல்லை."

"அந்தப் பேப்பரிலை சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கோ? நேரத்தைப் பற்றித்தானே எழுதியிருக்கு."

நான் தொலைபேசியை அணைத்துவிட்டு பல்கனிக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒன்றேகாலுக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. ட்ராம் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே ஆறு பேரும் நின்று, பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலம் ஒன்றைச் சுற்றிக் குவிந்திருப்பதை யன்னலால் பார்த்தேன். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அன்று கடையில் ஒரு தாத்தா பத்திரிகைத் தாளைத் திருப்பும் சத்தம்கூடக் கேட்டது. எனக்குக் கையில் வேலை ஓடவில்லை.

இன்னும் ஒரு மாதம் இருக்கும். பச்சைக் கோட்டு அம்மா வழக்கமான இடத்தில் இருந்துகொண்டு யன்னலோர மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேசை வெறுமையாக இருந்தது. மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். அந்த மேசைக்குப் பின்னால்தான் எங்கள் கழிப்பறைக் கதவு இருக்கிறது. அன்றைக்கும் அம்மா பார்த்தது அந்தக் கதவைத்தான். என் பிள்ளைகளை அவர் கவனிக்கவேயில்லை. யாரும் முறையிடவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாம் நானே எழுதி, நானே வாசித்து, நானே தீர்ப்பும் சொன்ன வழக்கு.

மகள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வீட்டில் எப்போதும் போலக் கதைத்தாள், சாப்பிட்டாள், பரீட்சை எழுதினாள், படிக்கக் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்குப் போனாள். அங்கே போன பிறகுதான், விடுமுறையில் வரும்போது, மறுபடியும் கடைக்கு வரத் தொடங்கினாள். என் வேலை முடியும்போது சேர்ந்து வீட்டுக்குப் போவதற்காக வருவாள். வரிசையில் நின்று, ஒரு கோப்பி வாங்கி, நான் வேண்டாம் என்றாலும் காசு கொடுத்து, யன்னலோரம் இருப்பாள். கொஞ்ச நேரத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பிவிடுவாள்.

"அப்பா, நான் வெளியிலை நிக்கிறன். நீங்கள் முடிச்சிட்டு வாங்கோ."

முதலில் காற்று வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம். அடுத்த தடவை இருபத்தொன்பது. ஒரு நாளும் முப்பதைத் தாண்டவில்லை. நெரிசல் இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் அப்படித்தான். அவள் என்னைப் பழிவாங்கவில்லை, அந்தக் குணம் அவளிடம் இல்லை. அந்தக் கடையில் தனக்கு எவ்வளவு இடம் என்று ஒரு தடவை தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். வெளியே குளிரில் நிற்கும் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நான் தட்டுக்களை அடுக்குவேன். நேரம் பாராமல் என் மகள் என் கடையில் ஒரு நாள் இருக்க வேண்டும். அதைவிட எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

எங்கள் ஊரில் தகப்பன்மார் பிள்ளைகளிடம் பிழை ஒப்புக்கொள்ளும் வழக்கம் கிடையாது. நான் மட்டும் எப்படிப் பழகியிருப்பேன்? அவளுடைய கோப்பியில் பாலாடையைக் கூடுதலாக ஊற்றிப் பார்த்தேன். அவள் கறுப்புக் கோப்பிக்கு மாறிவிட்டாள்.

போன மார்கழி விடுமுறையிலும் வந்தாள். இருபத்தேழாவது நிமிடத்தில் கோட்டை எடுத்தாள். நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு சுடு சொக்லேட்டும் இரண்டு கரண்டியும் எடுத்துக்கொண்டு போய் எதிரே இருந்தேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நிற்கட்டும்.

"இரு, பிள்ளை."

"நேரம் போச்சுதப்பா."

"அண்டைக்கு நான் செய்தது பிழை. சட்டத்துக்காகச் செய்யேல்லை. அந்த மனுசி பாத்தவுடனை எனக்கு வெக்கமாப் போச்சுது. வெள்ளைப் பிள்ளையளை எழுப்ப எனக்குப் பயம். உங்களை எழுப்ப என்ன பயம் எண்டு நினைச்சிட்டன். அந்தப் பொடியன் சொன்னது சரி."

அவள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சொக்லேட்டைக் கிண்டினாள். நான் எதிர்பார்த்தது என்னவென்றால், ஒரு சிரிப்பு, அல்லது "விடுங்கோப்பா" என்று ஒரு சொல்.

"என்னட்டைச் சொல்லிப்போட்டியள்" என்றாள். "மற்ற அஞ்சு பேரிட்டையும் ஆர் சொல்லுறது?"

இத்தனை வருடமும் நான் கவலைப்பட்டது என் மகளுக்காக மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் தன் தொலைபேசியில் ஒரு எண்ணை எடுத்து மேசையில் என் பக்கம் தள்ளினாள். எரித்திரியப் பையனுடைய எண். அவன் இப்போது மின்வேலை பழகி முடித்து, இதே நகரத்தில் வேலை செய்கிறானாம். கடைக்கு முன்னால் எத்தனை தடவை போயிருப்பான், உள்ளே வந்ததில்லை.

எண்ணை அழுத்தினேன். எடுத்தான். பழக்கதோஷம், கடையின் பெயரைத்தான் முதலில் சொன்னேன், பிறகுதான் என் பெயரை. அவன், வேலை செய்து சம்பளம் எடுக்கிற வளர்ந்த ஆண்பிள்ளை, அவசர அவசரமாக டொச்சில் சொன்னான்: "நான் ஒன்றும் செய்யவில்லை."

முப்பது நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. மகள் மணியைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி" என்றேன் தமிழில். "நீ ஒண்டும் செய்யேல்லை."