தட்டிப் பார்த்துச் சேர்த்த பள்ளிக்கூடம்

அலமாரியைத் துடைப்பதற்காகப் பாத்திரங்களை இறக்கியபோது அந்த மூடி கைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான எவர்சில்வர் மூடி. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடுவில் சிறுசிறு தழும்புகள் தெரியும், ஒன்றின்மேல் ஒன்றாக, மழை தொடங்கிய முதல் நிமிடத்துப் புழுதித் தரைபோல. ஒரு செப்பு மோதிரம் ஐந்து வருடங்கள், பள்ளி இருந்த ஒவ்வொரு சாயங்காலமும், அந்த மூடியைத் தட்டியதில் விழுந்தவை அவை. தட்டியவர் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்சென்ற வேன்காரண்ணன். அதற்கு முன்னால் அவர் லாரி ஓட்டியவர். சங்ககிரியில் லோடு ஏற்றி நாக்பூர், கவுகாத்தி என்று வருடக்கணக்காகப் போய்வந்து, இடுப்பு ஒத்துழைக்காமல் போன பிறகு ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு ஊரோடு நின்றவர். லாரியை விட்டாலும் லாரிப் பழக்கம் அவரை விடவில்லை. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு முழக் கம்பியோடு இறங்கி டயரைத் தட்டுவார். காற்று இருந்தால் 'டங்' என்று சொல்லும், இறங்கியிருந்தால் 'தொப்' என்று சொல்லும். கண்ணால் பார்ப்பதைவிட அந்தச் சத்தத்தைத்தான் அவர் நம்பினார்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அவள் மெதுவாகச் சாப்பிடும் குழந்தை. மெதுவாக என்றால், ஓர் இட்லிக்கு ஒரு காலைப்பொழுது. ஒரு விள்ளல் வாய்க்குள் போகும். பிறகு காகம் வரும், எறும்பு வரும், கொடியில் காயும் துணிக்குக் காற்று வரும். எல்லாம் வந்து போன பிறகு அடுத்த விள்ளல். அதற்குமுன் சேர்த்திருந்த மழலையர் பள்ளியில் அதற்கெல்லாம் நேரமில்லை. கட்டிக் கொடுத்த டப்பா கட்டியபடியே திரும்பியது. 'சீக்கிரம் சாப்பிடப் பழக்கவும்' என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். நாங்களும் பழக்கினோம். அவள் மெல்லாமல் விழுங்கினாள், விழுங்கியதை வாந்தி எடுத்தாள், பிறகு சோற்றுத் தட்டைப் பார்த்தாலே அழுதாள். வருட முடிவில் போன வருடத்துப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியிருந்தது. "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க, அவசரந்தான் வியாதி. இன்னொரு வருசம் இப்படியே போச்சுன்னா தாங்காது" என்றார் மருத்துவர். பள்ளிக்கூடம் தேடும் மற்றவர்கள் இங்கிலீஷைப் பற்றியும் நீச்சல்குளத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. என் குழந்தை அங்கே மதியச் சோறு சாப்பிடுவாளா?

எங்களுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்று கோவைச் சாலையை ஒட்டி, கண்ணாடி முகப்பும் கொடிகளுமாக, லாரிகள் கூட வேகம் குறைத்துப் பார்த்துப் போகும் பள்ளி. மற்றது திருச்செங்கோடு சாலையில், மூடிப்போன ஒரு விசைத்தறிக் கூடத்தை வெள்ளையடித்து நடத்திய, ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளி. என் கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறார். அவருக்குச் சந்தேகமே இல்லை. "எங்க ஆபீஸ்ல அத்தன பேரு புள்ளைகளும் ரோட்டோரத்துப் பள்ளிக்கூடந்தான். அவங்க எல்லாருங் கேனையனுகளா?" என்றார். எனக்கோ சந்தேகம் மட்டும்தான் இருந்தது. அதற்கு ஒரு வெட்கக்கேடான காரணமும் உண்டு. நான் வேலை செய்வது ஓர் அச்சகத்தில். கவிதை எழுதுகிறவள் என்பதால் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் நோட்டீஸ் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். "ரெண்டு வரி நெஞ்சைத் தொடற மாதிரி போட்டு உடுங்க" என்பார் முதலாளி. 'சிறகு தருவோம், வானம் அவர்களுடையது' என்று ரோட்டோரத்துப் பள்ளிக்கு எழுதியவள் நான். 'வேர் தருவோம், மரம் தானே வளரும்' என்று தறிக்கூடத்துப் பள்ளிக்கு எழுதியவளும் நான்தான். இரண்டு பள்ளிகளுக்குள்ளும் கால் வைக்காமலே எழுதினேன். இப்போது இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, என் பொய்களில் எது உண்மை என்று நானே தேடிக்கொண்டிருந்தேன்.

வேன்காரண்ணன் இரண்டு பள்ளிக்கும் பிள்ளைகளை ஏற்றிச் சென்றவர். பெரிய பள்ளியின் சொந்த பஸ் எங்கள் சந்துக்குள் திரும்பாது என்பதால் அந்தப் பிள்ளைகளும் அவர் வண்டியில்தான். ஒருநாள் காலை வண்டியை மறித்து அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் துண்டை எடுத்துத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத கண்ணாடியைத் துடைத்தார். "ஏனுங்கம்மிணி, ரெண்டு கேட்டுலயும் நான் நிக்கோணுமுங்க. ஒண்ண நல்லதுன்னு சொன்னா இன்னொரு கேட்டுல என்ற வண்டிய உள்ள உடுவாங்களா? என்னைய உட்டுருங்க." கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது, பின்னால் வந்தது. ஜன்னலில் தலை நீட்டி, "சாயங்காலம் முன்சீட்டு சும்மாதான் கெடக்குது. பாப்பாவக் கூட்டிட்டு ஒருநாளைக்கு வந்து உக்காருங்க. காத்தாட வந்த மாதிரி" என்றார்.

அன்று சாயங்காலமே மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் டிபன் கூடைகள் எல்லாம் என் சீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் இறங்கி, பிள்ளையை இறக்கி, கூடையை எடுத்து, கொடுப்பதற்கு முன்னால் மோதிர விரலை மடக்கி டப்பாவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நீலக் கழுத்துப்பட்டை கட்டிய ரோட்டோரத்துப் பள்ளிப் பிள்ளை முதலில் இறங்கியது. தொப். "என்ன சாமி, இன்னைக்கும் லோடு எறக்காமயே திரும்பிட்டயா?" என்றார். "பெல்லடிச்சுட்டாங்க மாமா" என்றது பிள்ளை. அடுத்த நீலக் கழுத்துப்பட்டை. தொப். அதற்கடுத்ததும் தொப். பிறகு கட்டம்போட்ட சட்டைப் பிள்ளை ஒன்று, தறிக்கூடத்துப் பள்ளி. டங். "காலி வண்டி! போ போ, செக்போஸ்ட்டுல ஒருத்தனும் நிறுத்தமாட்டான்." இன்னொரு கட்டச் சட்டை. டங். என் மடியில் இருந்தவள் ஒவ்வொரு டங்குக்கும் சிரித்தாள். சோற்று டப்பாவைப் பார்த்து அவள் சிரித்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியதும், "நான் ஒண்ணுஞ் சொல்லலீங்கம்மிணி. நீங்களா வந்தீங்க, நீங்களாக் கேட்டீங்க" என்றார் வேன்காரண்ணன், சாலையைப் பார்த்தபடி.

தறிக்கூடத்துப் பள்ளியில் சேர்த்தோம். என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். "சாமியக் கேட்டுச் சேத்தறவன் இருக்கறான், சாதகம் பாத்துச் சேத்தறவன் இருக்கறான். டப்பாவத் தட்டிப் பாத்துச் சேத்துனவ நீ ஒருத்திதான்" என்று தெருவே கேட்கச் சொன்னார். நான் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் முதல் நாளே டப்பா டங் என்றது. மறுநாளும் டங். வேன்காரண்ணன் வாசலில் நின்று கூடையை உயர்த்திப் பிடித்து, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு முறை தட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு அன்றைய நாள் விடியும், சாயங்காலம் நாலரை மணிக்கு.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எலுமிச்சைச் சோறு வைத்தேன். தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "வெள்ளிக்கெழமை இதையேதான் பள்ளிக்கூடத்துல காலி பண்ணுன" என்றேன். "நானெங்க தின்னேன்? ரெட்டச்சடை அக்காதான் தின்னா" என்றாள். "வியாழக்கெழமை?" "அது வேறொரு பையன்." "அப்ப நீ?" அதற்குள் ஜன்னலில் ஓர் எறும்பு ஊர்வலம் தொடங்கிவிட்டது. அவள் அதன் பின்னால் போய்விட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மூன்று வாரமாக வேறு யாருடைய வயிற்றுச் சத்தத்தையோ கேட்டு நான் மகிழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன். கணவர் எல்லாவற்றையும் கேட்டார். கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

திங்கட்கிழமை மதியத்துக்குச் சற்று முன் வேன்காரண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போனது. லாரியின் பின்னச்சில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரங்கள் ஒட்டி நிற்கும். வெளிச்சக்கரம் கண்ணுக்குத் தெரியும், உள்சக்கரம் தெரியாது. வெளிச்சக்கரம் தாங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் உள்ளே காற்றுப் போனதே தெரியாமல் பாரத்தோடு ஓடி, ஓரிடத்தில் இரண்டும் வெடிக்கும். கம்பியை உள்ளே விட்டு அதையும் தட்டாமல் நல்ல டிரைவர் வண்டி எடுக்கமாட்டான். "வெளிச்சக்கரத்த மட்டுந் தட்டிப்போட்டு வண்டி எடுத்துட்டனுங்கம்மிணி" என்றார். "டப்பா காலின்னா வகுறு நெறஞ்சுதுன்னு நெனச்சுப்போட்டன். கிளீனர்ப் பையன்கூடப் பண்ணமாட்டான் இந்த வேலைய." பிறகு கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க. சோத்து பெல்லுக்குப் போயிருலாம்" என்றார்.

தறிகள் இருந்த இடத்தில் தரையில் இன்னும் ஆணித் துளைகள் இருந்தன. ரம்பப்பல் போன்ற கூரையிலிருந்து வெளிச்சம் பட்டை பட்டையாகச் சாய்ந்து விழுந்தது. கீழே பவானி ஜமக்காளம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டப்பாக்கள் எல்லாம் திறந்து நடுவில் இருந்தன. அங்கே ஒரு வழக்கம். யாரும் தன் டப்பாவில் கை வைக்கக் கூடாது. அடுத்தவர் டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வட்டத்தில் பாதிப் பேர் எழுந்து கைகழுவப் போயிருந்தார்கள். என் மகள் யார் வீட்டுக் கம்மஞ்சோற்றையோ மடியில் வைத்துக்கொண்டு, தட்டப்பயிற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பார்த்து, மென்றுகொண்டிருந்தாள். கூரை வெளிச்சத்தில் ஒரு தூசி மிதந்தது, அதைப் பார்த்தாள். பிறகு ஒரு வாய். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எதிரில் பள்ளியை நடத்தும் பெரிய டீச்சர், அவரும் சம்மணம் போட்டு, தன் டப்பா கையில் இல்லாமல் யாருடைய புளிச்சோற்றையோ அவளைவிட மெதுவாகத் தின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தார். "சத்தம் போடாதீங்க, உங்களப் பாத்துட்டான்னா நிறுத்திருவா" என்று கிசுகிசுத்தார். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "நாங் கட்டிக் குடுக்கறத அவ தொடறதே இல்லீங்களாமே" என்றேன். குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது. "உங்க சோறுதான் ஊட்டுலயே கெடைக்குதே. இங்க வந்தும் அதையே எதுக்குத் திங்கோணும்?" என்றார் அவர். "நேரமாகலீங்களா? பெல்லு?" என்றேன். சுவரில் ஆணியில் தொங்கிய வெண்கலத் துண்டைக் கண்ணால் காட்டினார். "அதா தொங்குது. கடசிப் புள்ள கைகழுவுனதுக்கப்புறம் நாந்தான் எந்திரிச்சு அடிக்கோணும். நானும் வெரசலாத் திங்கமாட்டேன். சின்ன வயசுல இதுக்கே நெறைய அடி வாங்கியிருக்கறனுங்க." என் மகள் டப்பாவைச் சாய்த்து அடியில் ஒட்டியிருந்ததை வழித்தாள். நக்கிய விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பழைய பாவாடையில் ஊக்கு இல்லை. காலையில் நான் அவசரத்தில் குத்த மறந்திருக்கிறேன். பாவாடை இடுப்பிலேயே நின்றது. தூணில் தலை சாய்த்துக்கொண்டேன். ஒரு வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ அந்தப் பழைய தறிக்கூடத்துத் தரையில் சத்தமில்லாமல் இறக்கி வைத்ததுபோல இருந்தது.

வெளியே வேன்காரண்ணன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். இரும்புக் கேட்டை விரல் மடக்கித் தட்டினேன். டங். அவர் சீட்டுக்கு அடியிலிருந்து கம்பியை எடுத்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்து நான்கு டயரையும் தட்டினார். அந்த வேனுக்கு உள்சக்கரமே கிடையாது. ஆனாலும் பின்னால் குனிந்து, கம்பியை உள்ளே நீட்டி, இல்லாத சக்கரத்தையும் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, வேறு பெரிய பள்ளி. வேன்காரண்ணன் கண்ணில் புரை வந்து வண்டியை விற்றுவிட்டு, மேச்சேரிப் பக்கம் தன் மகள் வீட்டில் நாலு ஆடுகளோடு இருக்கிறார். போனில் பேசினால் நலம் விசாரிக்கமாட்டார். "டங்குங்குதுங்களா அம்மிணி?" என்றுதான் கேட்பார். நான் அதே அச்சகத்தில்தான். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு உள்ளே போய்ப் பார்க்காத பள்ளிக்கு நான் ஒரு வரியும் எழுதியதில்லை. தறிக்கூடத்துப் பள்ளி நோட்டீஸில் வேரையும் மரத்தையும் எடுத்துவிட்டு, 'கடைசிக் குழந்தை சாப்பிட்டு முடித்த பிறகே மணி அடிக்கப்படும்' என்று போட்டேன். "இது என்னங்க நோட்டீசா, மெஸ் போர்டா?" என்றார் முதலாளி. பெரிய டீச்சர் படித்துவிட்டு அதை அப்படியே விடச் சொன்னார். அந்த வரியைப் படித்துவிட்டு அங்கே பிள்ளையைச் சேர்க்க வந்த தாய்மார்கள் சிலரை எனக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே அவர்கள் கண் கலங்கியிருக்கும்.

மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். கூடையை மேடைமேல் வைத்தாள். என் கையிலிருந்த மூடியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வாங்கி, அன்றைய டப்பாவின்மேல் கவிழ்த்து, விரலை மடக்கி அந்தத் தழும்புகளின் நடுவில் தட்டினாள். டங்.

"யாரு தின்னாங்க?" என்றேன்.

"யாரோ தின்னாங்க. நான் யாரோடதையோ தின்னேன்" என்றாள். பிறகு கொடியில் ஆடிய துணியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.