ஆற்றுக்குள் குட்டச்சிதான் உயரம்

பத்தாவதோடு நின்றவள் கணக்கைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத்தேர்வுக்கு முந்தின நாள் என் மகள் ஒரே கணக்கை மூன்றாம் தடவை அழித்தாள். "ரெண்டு பக்கமும் மைனஸால பெருக்கினா பெரிசு கீழ போயிருது, சிறிசு மேல வந்திருதும்மா. ஏன்னு புரியல, அதான் எது பெரிசுன்னு காட்டுத குறியத் திருப்ப மறந்துருதேன்."

ஏன் என்று எனக்கும் அறிய ஆசை. யோசித்தபோது மஞ்சளும் பாசியும் மணக்கும் குறுக்குத்துறைப் படித்துறை நினைவில் வந்தது. கடைசிப் படியில் அக்காவும் நானும் நிற்போம்.

"ஏட்டி குட்டச்சி!" என்பாள் அக்கா.

நான் ஆற்றில் தெரியும் நிழலைக் காட்டுவேன். "அங்கன பாரு, என் தலைதான் மேல!"

துணி அலசும் அம்மா நிமிராமலே சிரிப்பாள். "அவ இங்கன எம்புட்டு ஒசரமோ, அங்கன அம்புட்டு ஆழம்லா."

கூச்சத்தோடு இதை மகளிடம் சொன்னேன். அவள் தாளில் ஒரு கோடு போட்டாள். அதுதான் தண்ணீர். மேலே ஐந்தையும் மூன்றையும் நிறுத்தி, கீழே அவற்றின் நிழலை வரைந்தாள்.

"அட, மைனஸ் மூணுதாம்மா மேல!"

மறுநாள் தேர்வில் அப்படி இரண்டு கணக்குகள் வந்தனவாம். இரண்டிலும் குறியைத் திருப்பிவிட்டாள். ஒன்றில் கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டாள்.